கையில் ஒரு பட்டி, மேசையில் ஒரு மலை



காலையில் பாண் வாங்க ஆளனுப்ப வேண்டியதில்லை. பகலுக்கு என்ன கறி என்று முதல்நாள் இரவே யோசித்து வைக்க வேண்டியதில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பீங்கான்களை அள்ளிக்கொண்டு குசினிக்குப் போக வேண்டியதுமில்லை. இப்படி 7 நாட்கள் உங்கள் வாழ்க்கையில் எப்போதாவது வந்ததுண்டா? பிள்ளை பெற்றுப் படுத்திருந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஓய்வல்ல.

எனக்குத் திருமணமாகி 19 வருடங்கள். அப்படியொரு கிழமை எனக்கு அண்மையில்தான் கிடைத்தது. கிடைத்த இடம் கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான கோஸ் என்னும் தீவு. தங்கியது பெரிய மாளிகையில் அல்ல. செலவைப் பார்த்துச் செய்யும் குடும்பங்கள் தேடிப்போகும் ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டலில். "எல்லாம் அடக்கம்" என்பதுதான் அதன் விளம்பரம். விமானச் சீட்டு, அறை, மூன்று வேளை உணவு, இடைநேரத் தேநீர், சிற்றுண்டி, குடிபானம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரே தொகையாகக் கட்டிவிடுகிறோம். அங்கே போய்ப் பணப்பையைத் திறக்கத் தேவையில்லை.

இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் வாழும் எங்களைப் போன்ற இலங்கைக் குடும்பங்கள் இத்தகைய விடுமுறைக்குப் போகின்றன. நாளை உங்கள் மகளோ தம்பியின் மனைவியோ உங்களையும் கூட அழைக்கலாம். போகலாமா? போனால் எதைக் கவனிப்பது? நான் பட்டதையும் படித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வீட்டில் நடந்த வாக்குவாதம்

இந்தப் பயணத்தை முதலில் சொன்னவர் என் கணவர். மே மாதக் கடைசியில் பாடசாலைகளுக்கு ஒரு கிழமை விடுமுறை. நடுக்கோடையைவிட அப்போது கட்டணமும் குறைவு, வெயிலும் குறைவு.

எனக்கு விருப்பமில்லை. "எல்லாம் அடக்கம் என்றால் மதுவும் அடக்கம்தானே? நாங்கள் குடிக்காத ஒன்றுக்கும் சேர்த்தா காசு கட்டுவது?" என்று கேட்டேன். "அடுப்புள்ள அறையாகப் பார்த்து எடுப்போம். நான் சமைக்கிறேன். பிள்ளைகளுக்கும் ஹலால் உணவு நிச்சயம்" என்றேன்.

"அப்படியென்றால் நீங்கள் அங்கேயும் குசினியில்தான் நிற்பீர்கள். பிறகு எதற்குப் போகிறோம்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஊரில் இருக்கும் உம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவரும் சந்தோஷப்படவில்லை. "ஏன் மகள், சாராயம் குடிக்கிற எடத்துக்கா புள்ளைகளக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

உம்மாவின் கேள்வி நியாயமானது. என் கணவரின் கேள்வியும் நியாயமானது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

முழுச் செலவையும் ஒரே தொகையாக வாங்கும் விடுமுறை முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1950 இல் பெல்ஜியம் நாட்டவரான ஜெரார்ட் பிளிட்ஸ் என்பவர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், அல்குடியா என்ற இடத்தில், கூடாரங்களை அடித்து ஒரு விடுமுறைக் கிராமத்தைத் தொடங்கினார். கிளப் மெட் என்று இன்று உலகம் முழுவதும் அறியப்படும் நிறுவனம் பிறந்தது அங்கேதான். யுத்தத்தால் களைத்துப்போன ஐரோப்பிய மக்களுக்குப் பணத்தைப் பற்றி நினைக்காத சில நாட்களைக் கொடுப்பதுதான் எண்ணம். பின்னர் அந்தக் கிராமங்களில் குடிபானம் வாங்கப் பணத்துக்குப் பதிலாகக் கோத்த மணிகளைப் பாவித்தார்கள்.

இன்று மணிக்குப் பதிலாகக் கைப்பட்டி. ஹோட்டலுக்குள் நுழைந்தவுடன் வரவேற்பு மேசையில் உங்கள் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டியைக் கட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நிறம், பிள்ளைகளுக்கு வேறு நிறம். கத்தரிக்கோலால் வெட்டினாலன்றி அது கழலாது. போகும் நாள் வரை அதோடுதான் குளிக்க வேண்டும், அதோடுதான் உறங்க வேண்டும்.

சகோதரிகளே, இங்கேயே ஒரு சிறு விடயம். கட்டும்போது இறுக்கமாகக் கட்ட விடாதீர்கள். ஒரு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். வுழூச் செய்யும்போது மோதிரத்தை அசைப்பது போல இதையும் அசைத்து, கீழே தண்ணீர் படச் செய்ய வேண்டும். என் மூத்த மகளின் கையில் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். மறுபடியும் வரிசையில் நின்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தொழுகைக்கான திசையையும் நினைவில் வையுங்கள். இலங்கையில் மேற்குப் பக்கம் திரும்பித் தொழுது பழகியவர்கள் நாங்கள். கோஸ் தீவிலிருந்து மக்கா தென்கிழக்கே இருக்கிறது. மே மாதத்தில் அங்கு சூரியன் மறைய இரவு 8 மணி தாண்டிவிடும். இரவு உணவு நேரமும் மஃரிபும் ஒன்றாக வரும். நாங்கள் சாப்பாட்டு மண்டபம் திறந்தவுடன் போய், மஃரிபுக்கு முன் அறைக்குத் திரும்பும் வழக்கத்தை வைத்துக்கொண்டோம். முதலில் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு. சூடான உணவு சூடாக இருக்கும், நெரிசலும் இராது.

முதல் இரவு

முதல் இரவு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தால் எங்கள் ஊர்க் கலியாண வீட்டுப் பந்தல் போல நீண்ட மேசைகள். பாண் வகைகள், உருளைக்கிழங்குப் பொரியல், பாஸ்டா, சலாது, பொரித்த மீன், பெயர் தெரியாத குழம்புகள், கேக், ஜெலி, ஐஸ்கிரீம். கேட்பவர் இல்லை, கணக்கெழுதுபவர் இல்லை. "காசு கொடுத்தாயிற்றே" என்ற எண்ணம் ஒன்று மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பீங்கான்களை நிரப்பினார்கள். நானும் நிரப்பினேன்.

கத்தரிக்காயும் அரைத்த இறைச்சியும் அடுக்கிச் செய்யும் மூஸாக்கா என்ற உணவை ஆசையோடு எடுத்துவந்தேன். கத்தரிக்காயை மட்டும் உண்ணலாம் என்பது என் நினைப்பு. பக்கத்து மேசைப் பெண்மணி அதில் பன்றி இறைச்சியும் கலந்திருப்பதாகச் சொன்னார். அப்படியே தள்ளிவைத்தேன். சின்ன மகள் மூன்று கேக்குகளை ஒவ்வொரு கடி கடித்துவிட்டு வைத்திருந்தாள். மகனின் பாஸ்டாவில் ஏதோ இறைச்சித் துண்டு கிடந்தது. அதுவும் வேண்டாம் என்றாயிற்று. நாங்கள் எழுந்தபோது மேசையில் கிடந்தது இன்னொரு குடும்பத்துக்குப் போதுமான உணவு.

மேசையைத் துப்புரவு செய்ய ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். எங்கள் பீங்கான்களைப் பார்த்துவிட்டு, தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், "சாப்பாடு நன்றாக இல்லையா?" என்று கேட்டார். குறை சொல்லும் குரலல்ல. உண்மையாகவே அக்கறைப்பட்டுத்தான் கேட்டார். நான் என்ன சொல்வது? பீங்கானில் மிஞ்சிய உணவு வேறு யாருக்கும் போகாது, குப்பைக்குத்தான் போகும். அதை அவர் வாளியில் கொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெளியே வந்தோம்.

அடுத்த நாள் காலைத் தேநீரின்போதும் அதே பெண் நின்றார். பேச்சுக் கொடுத்தேன். அல்பேனியா நாட்டவர். கோடைக் காலத்துக்கு மட்டும் இங்கே வேலை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களை அவருடைய தாய் பார்த்துக்கொள்கிறார். "நவம்பரில் போவேன்" என்று சொல்லி விரலால் மாதங்களை எண்ணிக் காட்டினார். நாங்கள் பேசிய நாளிலிருந்து இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அடுப்படிக்குப் போகாமல் இருக்கிறேன் என்றால் என் இடத்தில் இன்னொரு தாய் நிற்கிறாள். நாங்கள் கட்டிய பணத்தில் உணவும் அடக்கம், குடிபானமும் அடக்கம். அவருடைய பிரிவும் அடக்கம்.

அன்று பகல் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து ஒரு சட்டம் போட்டோம். முதலில் வெறுங்கையோடு மேசைகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஐயமானதைக் கேட்டறிய வேண்டும். பிறகு ஒரு பீங்கான், ஒரு கரண்டி வீதம். பிடித்தால் மறுபடியும் போகலாம். எத்தனை தடவையும் போகலாம். ஆனால் மிச்சம் வைக்கக் கூடாது. வீண்விரயத்தை எங்கள் மார்க்கம் எவ்வளவு வெறுக்கிறது என்பதை மத்ரஸாவில் படித்த பிள்ளைகள்தாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய மலை முன்னால் நிற்கும்போது அது எல்லோருக்கும் மறந்துபோகிறது. எனக்கே மறந்துபோனதே!

எதை உண்ணலாம்?

உம்மாவின் கேள்விக்கு வருவோம். அந்த ஹோட்டலில் இறைச்சி எதுவும் எங்களுக்கு ஆகாது. ஹலால் என்று உறுதி சொல்ல அங்கே யாருமில்லை. வீட்டிலிருந்து பொதி கட்டிக்கொண்டு போகலாமா என்றால் அதற்கும் தடை இருக்கிறது. பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணிகள் இறைச்சியோ பாலுணவோ கொண்டுபோக 2021 முதல் அனுமதியில்லை. ஒரு போத்தல் ஊறுகாயும் கொஞ்சம் மிளகாய்த் தூளும் மட்டும் எங்களோடு வந்தன.

ஆனாலும் கிரேக்கச் சமையலில் இறைச்சி கலக்காத உணவுகள் ஏராளம். அவர்களுடைய சமயத்திலும் இறைச்சி, பால், முட்டையை விலக்கி நோன்பிருக்கும் நாட்கள் நிறைய. அதனால் ஒலிவ் எண்ணெயில் காய்கறியும் பருப்பும் சமைப்பதில் கைதேர்ந்தவர்கள். பெரிய வெள்ளை அவரை விதையைத் தக்காளியில் வேகவைத்தது, பசளிக்கீரையும் பாற்கட்டியும் வைத்துச் சுட்டது, தயிரில் வெள்ளரிக்காயும் வெள்ளைப்பூண்டும் சேர்த்த ஜாஜிக்கி, சுட்ட மீன், தக்காளிச் சலாது ஆகியவற்றோடு ஒரு கிழமையைத் திருப்தியாகக் கழிக்கலாம். பரிமாறுபவரிடம் "நிஸ்டிசிமோ" என்று கேட்டால் இறைச்சியும் பாலும் சேராத நோன்பு உணவைக் காட்டுவார்.

இன்னும் இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "ஹிரினோ" என்றால் பன்றி இறைச்சி. "கிராஸி" என்றால் வைன். மேசையைச் சுட்டிக்காட்டி இந்த இரண்டு சொற்களையும் கேட்டால் ஆமா, இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை: கிரேக்க மொழியில் "நே" என்றால் ஆம், "ஓஹி" என்றால் இல்லை. "நே" என்பதை "நோ" என்று விளங்கிக்கொண்டு ஏமாறாதீர்கள்!

ஐயப்பட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

திராட்சை இலையில் சோறு பொதிந்து செய்யும் தோல்மாவில் சில வேளை அரைத்த இறைச்சி இருக்கும். ஸ்டிஃபாடோ போன்ற குழம்புகளில் வைன் ஊற்றுவது வழக்கம். ஜெலியில் ஜெலற்றின் இருக்கும். பொரியல் எண்ணெய் எதற்கெல்லாம் பாவிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். கோஸ் தீவுக்கே உரிய ஒரு பாற்கட்டி உண்டு. செந்நிற ஓரம் கொண்டது. பார்க்க அழகு. ஆனால் அதைச் சிவப்பு வைன் மண்டியில் ஊறவைத்துத்தான் பதப்படுத்துகிறார்கள். தெரியாமல் எடுத்துவிடாதீர்கள்.

குடிக்க என்ன என்று கேட்பீர்கள். அந்தத் தீவில் கறுவாவைக் காய்ச்சிச் சீனி சேர்த்துக் கனெலாடா என்று ஒரு பானம் செய்கிறார்கள். மதுவில்லை. குளிர்ந்த தண்ணீர் கலந்து குடிக்க, எங்கள் வீட்டுக் கறுவாப்பட்டை வாசம் வந்தது. பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் குடித்தேன்.

மது இருக்கும் இடம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நீச்சல் குளத்தருகே காலை முதல் இரவு வரை அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் குளத்தருகே உட்காரவில்லை. ஐந்து நிமிட நடையில் கடற்கரை. அங்கேதான் எங்கள் பகல்கள் கழிந்தன. இரவில் ஆட்டமும் பாட்டும் நடக்கும் மேடைக்குத் தூரமான அறையைப் பதியும்போதே கேட்டு வாங்கினோம். பெண்களின் உடைபற்றிச் சொன்னால், கடற்கரையில் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டிய காட்சிகள் இருக்கத்தான் செய்யும். உடலை மூடிய நீச்சல் உடையோடு குளத்தில் இறங்க அனுமதி உண்டா என்று முன்பே ஹோட்டலிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நானும் மூத்த மகளும் காலை 7 மணிக்கு ஆளில்லாத கரையில் கடலில் இறங்கினோம். 19 வருடத்தில் நான் கடலில் நனைந்தது அன்றுதான்.

அடக்கமில்லாத செலவுகள்

"எல்லாம் அடக்கம்" என்ற பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். சில செலவுகள் அதில் அடங்குவதில்லை.

முதலாவது, அரசாங்க வரி. காலநிலை அனர்த்தங்களைச் சமாளிப்பதற்கென்று கிரேக்க அரசு ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு இரவுக்கும் கட்டணம் அறவிடுகிறது. 2025 முதல், ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரையான மாதங்களில், ஒன்று அல்லது இரண்டு நட்சத்திர ஹோட்டலுக்கு 2 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5 யூரோ, நான்குக்கு 10 யூரோ, ஐந்துக்கு 15 யூரோ என்று நிர்ணயித்தார்கள். மூன்று நட்சத்திர அறையில் 7 இரவு என்றால் 35 யூரோ. இதை ஹோட்டல் மேசையில்தான் கட்ட வேண்டும். ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுத்த நாங்கள் 70 யூரோ கட்டினோம்.

இரண்டாவது, அறையிலுள்ள பாதுகாப்புப் பெட்டி, சில இடங்களில் குளிரூட்டி, கடற்கரைக் கதிரை. இவற்றுக்குத் தனிக் காசா என்று பதியும்போதே கேளுங்கள்.

மூன்றாவது, கடைசி நாள். விமானம் இரவில் என்றாலும் அறையைப் பகலிலேயே ஒப்படைக்க வேண்டும். எங்கள் ஹோட்டலில் அந்த நேரத்தோடு பட்டியும் செல்லாது என்றார்கள். பகல் உணவை நாங்கள் வெளியே காசு கொடுத்து வாங்கினோம். அன்று தொழவும் உடை மாற்றவும் இடம் தேடி அலைந்ததும் அனுபவம்தான்.

மலசலகூட விடயம் ஒன்றையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். கிரேக்க நாட்டில் கழிவுக் குழாய்கள் ஒடுக்கமானவை. கடதாசியை உள்ளே போடாமல் பக்கத்திலுள்ள கூடையில்தான் போட வேண்டும். தண்ணீர்க் குழாயும் அங்கே இராது. ஒரு சிறு போத்தல் கொண்டுபோனால் உங்களுக்கு நிம்மதி. குடிநீருக்கு ஹோட்டல் மண்டபத்தில் வைத்திருக்கும் தண்ணீரையே பாவியுங்கள். ஏஜியன் கடல் தீவுகள் பலவற்றில் கோடையில் நன்னீருக்குத் தட்டுப்பாடு. குளிக்கும்போதும் வுழூவின்போதும் குழாயை ஓடவிட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு ஐரோப்பிய ஷெங்கன் விசா தேவை. பிரித்தானிய விசா இருந்தாலும் அது இதற்குச் செல்லாது. பல கிழமைகளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டிக்கு வெளியே

இத்தகைய ஹோட்டல்களில் தங்குவோர் பலர் 7 நாளும் வாசலைத் தாண்டுவதில்லை. உணவுக்குக் காசு கட்டியாயிற்று, வெளியே போனால் நட்டம் என்ற கணக்கு. அதனால் தெருவிலுள்ள சிறு உணவகக்காரர்கள் வெறும் மேசைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் இரண்டு நாட்கள் பஸ் ஏறி வெளியே போனோம். பயணத்தின் மிகச் சிறந்த நாட்கள் அவைதாம்.

கோஸ் தீவு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமானது. 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 37,000 பேர் வாழ்கிறார்கள். வைத்தியத்தின் தந்தை எனப்படும் ஹிப்போகிரட்டீஸ், கி.மு. 460 அளவில் பிறந்தது இந்தத் தீவில்தான். அரபியில் அவருக்கு புக்ராத் என்று பெயர். 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலிய அறிஞர்கள் கிரேக்க வைத்திய நூல்களை அரபியில் தந்தார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மருந்து வாங்கும் யூனானி வைத்தியத்தின் பெயருக்கே பொருள் "கிரேக்க" என்பதுதான். பாட்டி தந்த யூனானி லேகியத்தின் வேர் இந்தச் சிறு தீவு வரை போகிறது என்று சொன்னபோது பிள்ளைகள் வியந்தார்கள்.

நகரத்துக்கு அருகே பிளாட்டானி என்று ஒரு கிராமம். அங்கே துருக்கி வம்சாவளி முஸ்லிம்கள் வாழ்கிறார்கள், பள்ளிவாசலும் இருக்கிறது. என் கணவரும் மகனும் ஜும்ஆவுக்கு அங்கேதான் போனார்கள். 1923 இல் கிரேக்கமும் துருக்கியும் சனத்தொகையைப் பரிமாறிக்கொண்டபோது கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆனால் கோஸ், ரோட்ஸ் முதலிய தீவுகள் 1912 முதல் இத்தாலியின் கையில் இருந்தன. அதனால் அந்தப் பரிமாற்றம் இவர்களைத் தொடவில்லை. தீவுகள் 1947 இல்தான் கிரேக்கத்துடன் சேர்ந்தன. அந்தக் கிராமச் சதுக்கத்து உணவகத்தில், இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிந்த பின், அந்தக் கிழமையில் முதல் தடவையாகப் பிள்ளைகள் ஆட்டிறைச்சி உண்டார்கள். ஐந்து பேரும் ஒரு சோற்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. காசு கொடுத்தது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது போலும்!

நகரின் நடுவேயுள்ள பழைய தெஃப்தர்தார் பள்ளிவாசலின் மினாரா 2017 ஜூலை 21 அதிகாலை வந்த பூமியதிர்ச்சியில் இடிந்தது. அந்த அதிர்ச்சியில் இருவர் உயிரிழந்தார்கள்.

மாலையில் எங்கள் கடற்கரையிலிருந்து பார்த்தால் எதிரே துருக்கிக் கரை தெரியும். மிக அண்மையான இடத்தில் கடல் அகலம் 5 கிலோமீற்றர்கூட இல்லை. 2015 இல் பல்லாயிரம் அகதிகள் இறப்பர்ப் படகுகளில் கடந்துவர முயன்ற கடல் இது. அவ்வருடம் செப்டெம்பர் 2 ஆம் திகதி, இந்தத் தீவை நோக்கி வந்த படகு கவிழ்ந்து, துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியாச் சிறுவனின் படத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கரையைப் பார்த்தபடி நின்றபோது என் கையிலிருந்த பட்டி எனக்குப் பாரமாக இருந்தது. அன்றிரவு மேசையில் நாங்கள் யாரும் எதையும் தள்ளிவைக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

போகலாமா?

என் முடிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்.

மதுவுக்கும் சேர்த்துக் காசு கட்டுவது உங்கள் மனதை உறுத்தினால், காலை உணவும் இரவு உணவும் மட்டும் அடங்கிய முறையும் உண்டு. குடிபானம் அதில் சேராது. பகலில் ஒரு சிறு கடையில் பாணும் பழமும் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை போக நேர்ந்தால் நாங்கள் அப்படித்தான் போவோம், இன்ஷா அல்லாஹ். இடையில் நிற்கும் அந்த முறையில் உங்களுக்கும் குசினி இல்லை. ஊர்க் கடைக்காரருக்கும் நாலு காசு போகும்.

அடுப்புள்ள அறை மலிவு என்று யாரும் சொன்னால், யார் சமைப்பது என்று முதலில் கேட்டு முடிவு செய்யுங்கள். சட்டி பானையைக் கடற்கரைக்கு மாற்றுவதற்குப் பெயர் விடுமுறையல்ல.

கட்டிய காசுக்கு ஈடாக உண்டு தீர்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் அந்தக் காசில் உண்மையாக வாங்கியது என்ன? ஐந்தாம் நாள் பகல் ளுஹர் தொழுதுவிட்டுச் சற்றுச் சாய்ந்தேன். கண்விழித்தபோது அஸர் நேரம் நெருங்கிவிட்டது. யாரும் என்னை எழுப்பவில்லை. எழுப்ப ஒரு தேவையும் இருக்கவில்லை. பகலில் அப்படி உறங்கி எத்தனை வருடம் என்று எனக்கே தெரியாது. நாங்கள் வாங்கியது அந்தத் தூக்கத்தை. கேக்கையும் ஐஸ்கிரீமையும் அல்ல.

அந்தத் தூக்கத்துக்கு விமானம் ஏறத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் எனக்கு வந்தது. வீடு திரும்பிய பின் என் கணவரிடம் அதைக் கேட்டேன். நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவுபவர்களாக இருந்தார்கள் என்பதை அவரும் அறிவார். இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறு பகல் சமையல் அவருடையதும் மகனுடையதும். கறியில் உப்புக் கூடுகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

பட்டியை விமான நிலையத்தில் வெட்டியெறிந்தோம். என் மணிக்கட்டில் வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு சில நாட்கள் இருந்தது. வந்து சேர்ந்ததைச் சொல்ல உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சாராயத்தைப் பற்றி அவர் மறுபடியும் கேட்பார் என்று நினைத்து எல்லாப் பதில்களையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஒரு கிழம முழுக்க அடுப்படிக்கே போகல்லயா மகள்?" என்று கேட்டார்.

"இல்ல உம்மா."

சற்று நேரம் மறுபக்கத்தில் சத்தமில்லை. பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவருக்கு இப்போது 71 வயது. அப்படியொரு கிழமையை அவர் கண்டதில்லை.